எடுக்கிற பட்டன் எங்கே?

புதுச் சாமானின் பிளாஸ்டிக் வாசம் உனக்குப் பிடிக்கும். பெட்டியைப் பிரித்ததும் மூக்கை உள்ளே விட்டு இழுப்பாய். "மல்லிப்பூலாம் இதுகிட்ட நிக்க முடியாது லா" என்பாய். இன்று காலை எங்கள் அலுவலகக் கூட்ட அறையில் அதே வாசம் வந்தது. கேமரா விற்க வந்தவர் ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்து, திரையில் ஒரு சாலையைக் காட்டினார். சாலையில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. அதன் எண் பலகையைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் விழுந்தது. "கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள பிடிச்சிடுச்சு பாருங்க மேடம்" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

நான் எழுந்து அந்தக் கேமராவைத் தூக்கித் தரையில் ஓங்கி அடித்தேன். உடையவில்லை. உறுதியாகத்தான் செய்கிறார்கள் பாவிகள். காலணிக் குதியால் மிதித்த பிறகுதான் கண்ணாடி நொறுங்கியது. யாரும் என் பக்கத்தில் வரவில்லை. மேலாளர் மட்டும் வாசல்வரை வந்து, வீட்டுக்குப் போய் ஓய்வெடுக்கச் சொன்னார். வீட்டுக்குப் போகாமல் கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். கோபத்தில்தான், பயந்துவிட்டேன் என்று நினைக்காதே.

நாம் சந்தித்தால் பேச்சு எங்கே இருந்தது, சண்டைதான். ஒரே லயத்து வரிசை வீடுகளில் பிறந்து, ஒரே தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, கணினி படிக்கப் போன இரண்டே பேர் நாம். நீ செரண்டா தொழிற்சாலையில் சர்வர்களைக் கட்டி மேய்த்தாய். நான் மற்றவர்கள் எழுதும் மென்பொருளில் பிழை பிடித்துச் சம்பளம் வாங்கினேன். ரயில் நிலையத்துக்கு எதிர்க் கடையில் நீ தே தாரேக் தேநீர் குடித்துக்கொண்டு உலகத்தைத் திட்டுவாய். மேசையை நீ தட்டுகிற தட்டில் கண்ணாடிக் குவளை குதிக்கும். கடைக்காரர் நம்மைக் கண்டாலே மேசையில் இருக்கும் சாமான்களை நகர்த்தி வைப்பார்.

உன் தொழிற்சாலையில் வருகைப் பதிவுக்கு வைத்த அந்தக் கைரேகை இயந்திரம் நினைவிருக்கிறதா? மருந்துத் தண்ணீரில் வேலை செய்து செய்து ரேகையே தேய்ந்துபோன பெண்களை அது அடையாளம் காணவில்லை. எதிரில் நிற்கிறவர்களுக்கு 'வரவில்லை' என்று போட்டது. நீ அதன் வயரைப் பிடுங்கி எறிந்தாய். மேலாளர் கத்தினார்; நீ அவரைவிடச் சத்தமாகக் கத்தினாய். "கை இருக்கு, ஆளு இருக்கு, மெஷினு மட்டும் இல்லங்குது. நீங்க யார நம்புவீங்க?" அவர் மெஷினைத்தான் நம்பினார். உனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதைப் பெருமையாக என்னிடம் காட்டினாய், பிறகு அதன்மேல் வடையை வைத்துத் தின்றாய்.

சட்டத்தைப் பற்றி உனக்கு ஒரு விசித்திரமான மரியாதை இருந்தது. எனக்கு அது கிடையாது. பணம் உள்ளவன் ஏறும் மாடிப்படி என்று நான் சொல்வேன். நீ விட மாட்டாய். "மெதுவாத்தான் போவும், ஒத்துக்கறேன். ஆனா அதுல ஒரு நல்லது இருக்கு. எதிராளியக் கூப்பிட்டு, நீ என்ன சொல்றன்னு ஒரு தடவயாச்சும் கேக்கும். நம்ம ஆளுங்க எழுதுற சிஸ்டம் கேக்குதா? அவசர அவசரமா தப்புப் பண்றதுக்குப் பேரு முன்னேத்தமாம்!" இந்தத் துறையில் எல்லோரும் வேகத்தை விற்கிறார்கள் என்பது உன் தீராத கோபம். எனக்கு அது அப்போது கேலியாக இருந்தது. 'கிழவா' என்று உன்னைக் கூப்பிடுவேன்.

புஞ்சாக் ஆலாமில் எங்கள் தாமான் குடியிருப்பு வாசலில் எண் பலகை படிக்கும் கேமரா வைத்தார்கள். கூடவே எல்லோர் கைப்பேசிக்கும் ஒரு செயலி வந்தது. மோட்டார் காணாமல் போனால் எண்ணை அதில் போட்டால் போதும். அதே நிறுவனத்தின் கேமரா இருக்கிற வாசல் எல்லாவற்றிலும் அந்த எண் சிவப்பாகிவிடும். வீட்டுக்கு வந்த நீ என் கைப்பேசியைப் பிடுங்கி அந்தச் செயலியை மேலும் கீழும் நோண்டினாய். சோறு ஆறிப்போனது. கடைசியில் நிமிர்ந்து, "புகார் போடறதுக்குப் பட்டன் இருக்கு. எடுக்கிற பட்டன் எங்க லா?" என்றாய்.

அதை நான் குடியிருப்போர் கூட்டத்தில் கேட்டேன். எனக்கு எதிர் வரிசையில் குடியிருக்கும் ஆள், அவன் பெயரை உனக்கு எழுதும் கடிதத்தில் எழுத மாட்டேன், தொடையைத் தட்டிச் சிரித்தான். "திருடனுக்கு எதுக்குங்க கேன்சல் பட்டன்?" எல்லோரும் சிரித்தார்கள். தேநீர் வந்தது. கூட்டம் முடிந்தது.

நம் தோட்டத்து மாரியம்மன் திருவிழா அன்று எனக்குக் கடும் காய்ச்சல். வர முடியவில்லை. வராதவர்கள் வீட்டுக்குக் கோயில் சோறு போய்ச் சேர வேண்டும் என்பது நம் வழக்கம். நீ எனக்கு ஒரு பொட்டலம் கட்டினாய். கோயில் பக்கத்தில் மோட்டார்கள் ஒன்றோடு ஒன்று இடித்துக்கொண்டு நிற்கும். அதனால் யாரும் சாவியை எடுப்பதில்லை. நகர்த்த வேண்டியவன் நகர்த்துவான். அவசரம் உள்ளவன் வெளி ஓரத்தில் நிற்பதை எடுத்துக்கொண்டு போய்விட்டு வருவான். நம் அப்பாமார் காலத்திலிருந்தே இப்படித்தான். உன் மோட்டார் உள்ளே மாட்டிக்கொண்டது. வெளியே நின்றது லோரி ஓட்டும் முனியாண்டி அண்ணனுடையது. அண்ணன் பந்தி பரிமாறிய களைப்பில் கோயில் கொட்டகையில் தூங்கிக்கொண்டிருந்தார். நீ எடுத்தாய்.

அண்ணனின் புது மருமகன் பட்டணத்துப் பிள்ளை. நல்லவன்தான், இப்போதும் சொல்கிறேன். மாமனாரின் மோட்டாரைக் காணோம் என்றதும் பதறி, யாரையும் எழுப்பாமல், யாரிடமும் கேட்காமல், தன் கைப்பேசியிலும் இருந்த அதே செயலியில் எண்ணைப் போட்டுவிட்டான். மாமனார் நன்றாகத் தூங்கட்டும் என்று நினைத்தானாம். அண்ணன் விழித்ததும் விஷயம் தெரிந்து அவனை அறைந்தார். "நம்ம புள்ளைங்க யாராச்சும் எடுத்துருப்பாங்கடா! வந்துருவாங்கடா! எடுடா அத!" அவன் எடுக்கப் பார்த்தான். நீ தேடிய பட்டனை அவனும் தேடினான். இல்லை. நிறுவனத்துக்கு அழைத்தால் பதிவு செய்த குரல் ஒன்று, காத்திருங்கள் என்று நன்றி சொல்லிக்கொண்டே இருந்தது.

அந்த நேரத்தில் நீ எங்கள் வாசலுக்கு வந்துவிட்டாய்.

சைரன் சத்தம் என் அறைவரை கேட்டது. பிறகு கூச்சல். அதில் உன் குரல் இருந்தது. காய்ச்சல் பிதற்றல் என்று நினைக்க முடியாத அளவுக்குத் தெளிவாக இருந்தது. நைட்டியோடு ஓடினேன். வாசலில் கூட்டம். ஒருவன் என்னைப் பிடித்துக்கொண்டு, "கிட்ட போகாதீங்க, திருடன்" என்றான். அவன் கையைக் கடித்தேன். இரத்தம் வரும்வரை கடித்தேன். அவன் விட்ட பிறகுதான் உன்னிடம் வர முடிந்தது. நீ வடிகால் ஓரத்தில் கிடந்தாய். உன் ஒரு கண் மூடியிருந்தது, மற்றது எதையும் பார்க்கவில்லை. சாம்பார் சோறு தாரில் சிதறி, அதில் அவர்களுடைய செருப்புத் தடம் பதிந்திருந்தது. உன் தலையை மடியில் வைத்தபோது பின்பக்கம் என் விரல்கள் பதிந்த இடம் மண்டை ஓட்டைப் போல இல்லை.

நடந்ததை நான் முழுதாகப் பார்த்தது பிறகு, மற்றவர்களைப் போலவே, கைப்பேசியில். யாரோ சாவகாசமாகப் படம் பிடித்திருந்தான். வாசலில் காவல் நிற்கும் ஜாகா முதலில் தடியால் உன் முழங்காலில் அடிக்கிறான். நீ விழுகிறாய். ஜாகாவும் நம் ஆள்தான். "திருட்டு நாயே" என்று நம் தமிழில்தான் கத்துகிறான். பிறகு தாமான்காரர்கள் சேர்ந்துகொள்கிறார்கள். அந்த எதிர் வரிசை ஆள் உன் ஹெல்மெட்டைக் கழற்றுகிறான். அதாலேயே உன்னை அடிக்கிறான், விறகு பிளப்பவனைப் போல, மூச்சு வாங்கி மூச்சு வாங்கி. நீ இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு ஒன்றையேதான் சொல்கிறாய். "போன் பண்ணிக் கேளுங்கண்ணே. போன் பண்ணிக் கேளுங்க." உன்னை அடிப்பவனை 'அண்ணே' என்கிறாய்.

அண்ணனின் கைப்பேசி எண் ஜாகாவின் திரையிலேயே இருந்தது, தெரியுமா? சிவப்புக் கட்டத்துக்குக் கீழே. மருமகன் ஒழுங்காகப் போட்டிருந்தான். அழைத்துக் கேட்டிருந்தால் இன்று செரண்டாவில் நீ யாரையாவது திட்டிக்கொண்டிருப்பாய். அழைக்கச் சொல்லி எந்த விதியும் அங்கே இல்லை. அடிக்கச் சொல்லியும் இல்லைதான், அதற்கு மட்டும் யாரும் விதியைத் தேடவில்லை.

வழக்கு கோலா சிலாங்கூர் நீதிமன்றத்தில் நடக்கிறது. நடக்கிறது என்று சொல்வதே மரியாதைக்குத்தான், தள்ளிப் போகிறது. சிஸ்டம் சொன்னது என்கிறான் ஜாகா. ஜாகா சொன்னான் என்கிறார்கள் தாமான்காரர்கள். எங்கள் சாதனம் தகவல்தான் தரும், மனிதர்கள் செய்வதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று நிறுவனத்தின் வக்கீல் நல்ல ஆங்கிலத்தில் சொன்னார். ஒரு தவணையின்போது நீதிமன்றத் தாழ்வாரத்தில் அந்த எதிர் வரிசை ஆள் என்னைப் பார்த்து, "ஏதோ நடந்துபோச்சு, மனசுல வெச்சுக்காதீங்க" என்றான். அவன் மூக்கில் குத்தினேன். எலும்பு நறுக்கென்று நகர்ந்ததை என் முஷ்டி உணர்ந்தது. போலீஸ்காரர் இழுத்துப் போனார். என் கணவர் வந்து மன்னிப்புக் கேட்டு என்னை அழைத்துப் போனார். நான் கேட்கவில்லை. இன்றும் அந்தச் சத்தத்தை நினைத்தால் எனக்குத் தூக்கம் நன்றாக வருகிறது.

ஆனால் உன் மனைவி செல்விக்கு அது போதவில்லை. ஒரு நாள் வீட்டுக்கு வந்து உட்காராமலே நின்றாள். உன் மகளை வகுப்பில் 'திருடன் மவ' என்று கூப்பிடுகிறார்களாம். பிள்ளை பள்ளிக்குப் போக மறுக்கிறாளாம். "கேசு எப்ப வேணா முடியட்டும்க்கா. அந்தப் பேர எடுத்துக் குடுங்க. இன்னும் அந்த நம்பர் செவப்பாத்தானே இருக்கு? உங்களுக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே."

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும். நிறுவனத்துக்கு எழுதினேன். வழக்கு முடியும்வரை அந்தப் பதிவு சாட்சியம், சட்டப்படி தொடக்கூடாது என்று பதில் வந்தது. போலீஸ் படம் பிடித்துவிட்டு மோட்டாரை அண்ணனிடம் எப்போதோ ஒப்படைத்துவிட்டது. இரும்பைத் திருப்பிக் கொடுக்க முடிகிறது. திரையில் போட்ட எழுத்தை எடுக்க முடியவில்லை. நீ மதித்த சட்டமும் நீ திட்டிய தொழிலும் கடைசியில் கைகோத்துக்கொண்டது இந்த ஓர் இடத்தில்தான். இதைக் கேட்டால் நீ எத்தனை குவளை உடைப்பாய் என்று நினைத்துப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை.

அண்ணன் அந்த மோட்டாரைத் தொடுவதில்லை. சாவியோடு வாசலில் நிற்கிறது. நேற்று ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போய், யாரிடமும் சொல்லாமல் அதை எடுத்துக்கொண்டு என் தாமானுக்கு ஓட்டி வந்தேன்.

வாசலில் சைரன் அலறியது. புது ஜாகா தடியோடு வந்தான். வீடுகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். எதிர் வரிசை ஆள், ஜாமீனில் இருப்பவன், தன் கேட்டைப் பிடித்தபடி நின்றான். நான் எஞ்சினை அணைத்தேன். ஹெல்மெட்டைக் கழற்றினேன். இறங்கவில்லை. அந்த நிமிடம் என் உடம்பு முழுதும், யாராவது ஒருவன் கை வைக்கட்டும், கழுத்தைக் கடித்துத் துப்புகிறேன் என்றுதான் துடித்தது. பொய் சொல்ல மாட்டேன்.

"மேடம், செவப்பு காட்டுது. எறங்குங்க."

"செவப்புக்குக் கீழ ஒரு நம்பர் இருக்கா?"

"இருக்கு மேடம்."

"கூப்பிட்டுக் கேளு."

"அதெல்லாம் எங்க வேல இல்ல மேடம்."

"அப்ப அடி."

அவன் தடியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். எனக்குப் பின்னால் கார்கள் சேர்ந்துவிட்டன. கடைசியில் கைப்பேசியை எடுத்து அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தான். அண்ணன் எடுத்தார். மோட்டார் எங்கே இருக்கிறது என்று ஜாகா சொன்னான். எந்தத் தாமான் என்று அண்ணன் இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டார். "ஹலோ, யாரு எடுத்துட்டு வந்தாங்கன்னு தெரியுமா?" என்று ஜாகா கேட்டான்.

அண்ணன் என் பெயரைச் சொல்லவில்லை. உன் பெயரைச் சொன்னார்.

"அவன்தான் எடுத்தான். நம்ம புள்ளதான், நான்தான் குடுத்தேன். சோறு கொண்டுட்டுப் போறான் தம்பி, விட்டுருங்க. அடிச்சிறாதீங்க."

ஜாகாவுக்கு ஒன்றும் புரியவில்லை. தடுப்புக் கட்டையைத் தூக்கிவிட்டு ஓரமாக நின்றான். நான் எஞ்சினைக் கிளப்பி உள்ளே போனேன்.