நின்றபடியே பூசை செய்தவர்

1974 மார்ச் 4
இவருடைய வேட்டியை இன்றும் தனியே ஊறப்போட்டேன். அதே பவுத்திரம்தான். கலியாணம் கட்டின மூன்றாம் வருஷம் மலவாசலுக்குப் பக்கத்தில் ஒரு சீழ்க்கட்டு வந்து உடைந்தது. அன்று தொடங்கிய கசிவு. ஆறும், திரும்ப உடைக்கும். இப்போது கசிவது சளிபோல இருக்கிறது, பக்கத்தில் தடிப்பாக ஒரு கட்டியும். கேட்டால், "பரியாரியாரின்ரை எண்ணெய் இருக்குத்தானே" என்கிறார். எத்தனை வருஷமாக இந்த நாட்டுவைத்திய எண்ணெய்!

மார்ச் 9
கோயிலில் சறோஜினிதேவி அக்கா சொன்னா: "ஐயா ஒரு நிமிஷமும் கீழை இருக்கமாட்டார், நிண்டபடியேதான் பூசை. என்ன பக்தி!"
பக்தியாம். மனிசனுக்கு இருக்க ஏலாது! சீழ் வடிகிற உடம்போடு மூலஸ்தானத்துக்குள் போகக்கூடாது. கசிகிற நாளில் 'காய்ச்சல்' என்று சொல்லித் தன் தம்பியைப் பூசைக்கு அனுப்புவார். டாக்குத்தரிடம் போனால் நயினாதீவு முழுக்கத் தெரிந்துவிடுமே என்று பயம்.
பெண் பார்க்க வந்த அன்று வள்ளத்திலிருந்து கரைக்குப் பாய்ந்து, நனைந்த வேட்டியோடு எங்கள் வீட்டுக் கதிரையில் கால்மேல் கால் போட்டு இருந்தவர். அப்பாவுக்குக் கோபம். எனக்கு அந்த இருப்புத்தான் பிடித்தது.

ஏப்ரல் 2
வேட்டியில் இரத்தம். இனிப் பொறுக்க முடியாதென்று யாழ்ப்பாணத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். சதை வெட்டிச் சோதனைக்கு எடுத்தார்கள்.

ஏப்ரல் 16
புற்றுநோய்.
"கனகாலம் ஆறாத பவுத்திரத்துக்குள்ளை அருமையா ஆரோ ஒராளுக்குத்தான் இப்பிடி வாறது, அம்மா" என்றார் டாக்குத்தர். மலவாசலை எடுத்துவிட்டு, வயிற்றில் வழி வைக்கவேண்டுமாம். ஐயோ, சும்மா ஒரு கட்டு எண்டெல்லோ நினைச்சனாங்கள்!
வள்ளத்தில் இவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "வயித்தாலை மலம் போற உடம்போடை நான் எப்பிடிப் பிள்ளையாரைத் தொடுறது? வேண்டாம், வர்த்தினி."

ஏப்ரல் 19
குசினியில் நின்று கத்திவிட்டேன். "பிள்ளையாருக்கு வேறை ஐயர் வருவார். எனக்கு ஆர் வருவினம்?"
இவர் வாசலிலேயே நின்றார். ஆணியில் தொங்கிய கோயில் திறப்புக் கோர்வையைக் கழற்றினார். பிறகு மெதுவாக, "தம்பியை வரச் சொல்லும்" என்றார். கோயில் திறப்பை அவன் கையில் கொடுத்தபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மே 8
ஒப்பரேசன் முடிந்தது. கண் விழித்ததும் கேட்டது: "காலமைப் பூசை நடந்ததோ?"

1975 யூலை 11
தேர்த்திருவிழா. கலியாணம் கட்டிய நாள் முதல் திருவிழாவில் அவர் உள்ளே, நான் வெளியே. இன்று இருவரும் வீதி மணலில். தம்பி தீபம் காட்ட, கூட்டத்துக்கு மேலால் எட்டி எட்டிப் பார்த்தார்.
"இஞ்சை நிண்டு பாக்க இவ்வளவு வடிவோ?"
"ஓம்" என்றேன். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.
யாரோ ஒரு கதிரை கொண்டுவந்து வைத்தார்கள். இத்தனை வருஷத்துக்குப் பிறகு நோகாமல் இருந்தார். கொஞ்ச நேரத்தில் கால்மேல் கால் போட்டார். சுவாமிக்கு முன்னால்! காலை இறக்கச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.