கத்தல்காரியைக் கேட்க வருகிறவனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதிக்கொள்வது. உன் கடிதம் வந்து எட்டு நாள் ஆகிறது. நான்கு பக்கம். அதில் உன் மனைவிக்கு இரண்டு வரி, குழந்தைக்கு ஒரு வரி, மிச்சம் முழுக்க ஓர் எஞ்சினின் சத்தம். விட்டுப்போன காதலியைப் பற்றிக்கூட எவனும் இவ்வளவு எழுத மாட்டான்.

அங்கே ஒரு சங்கத்தில் சேர்ந்திருக்கிறாயாம். பழைய டூ-ஸ்ட்ரோக் டீசல் எஞ்சின்களின் சத்தத்தைப் பதிவு செய்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து கேட்பீர்களாம். ஒருவர் அழுதே விட்டாராம். அவருக்கு வீட்டில் வேறு வேலை இல்லை போலிருக்கிறது. இப்போதைய எஞ்சின்கள் முனகுகின்றன, நம் ஆற்று லாஞ்சின் எஞ்சின் பாடியது என்று எழுதியிருக்கிறாய். பயணிகள் அதற்குக் கத்தல்காரி என்றுதான் பெயர் வைத்தார்கள், பாட்டுக்காரி என்று வைக்கவில்லை.

எஞ்சினைப் பார்த்துக்கொண்ட நீ அந்தப் பாட்டை நான்கு வருடம் கேட்டாய். லாஞ்சை ஓட்டிய உன் அண்ணன் இருபத்திரண்டு வருடம் கேட்டார். கல்யாணமான புதிதில் அவர் என்னிடம் ஏதாவது ரகசியம் சொன்னால், மறுநாள் எதிர்வீட்டுக்காரி என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அவ்வளவு மெதுவாகத்தான் அவருக்குப் பேசத் தெரியும். இப்போது காது சுத்தமாகக் கேட்பதில்லை. அதனால்தான் போன் வேண்டாம், கடிதம் போதும் என்று உன்னிடம் சொல்லிவைத்திருக்கிறோம். அது பாதி உண்மை. மீதிப் பாதிக்கு வருகிறேன்.

பெரியவள் ஒரு பல் டாக்டரிடம் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்த பிறகும் எல்லோர் வாயையும் உற்றுப் பார்க்கிறாள், சாப்பிடவே கூச்சமாக இருக்கிறது. சமையலறைக் கூரை ஒழுகுகிறது. ஆற்றில் புது லாஞ்சுகள் இரண்டு விட்டிருக்கிறார்கள். சத்தமே கிடையாது. துறையில் கண்ணசந்தவர்கள் லாஞ்சு வந்ததும் தெரியாமல், போனதும் தெரியாமல், எழுந்து சண்டை போடுகிறார்கள். உனக்கு வேண்டுமானால் இதை உன் சங்கத்தில் சொல்.

உன் கடிதத்தை உன் அண்ணன் மூன்று தடவை படித்தார். "அவன் மறக்கல, பாத்தியா?" என்று தெருவுக்கே கேட்கும்படி என்னிடம் சொன்னார். மறுநாளே ஒர்க்ஷாப்புக்குப் போய் மேஸ்திரியைப் பிடித்தார். கத்தல்காரி அங்கே பின்பக்கம் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறாள். அன்றிலிருந்து தினமும் காலையில் போகிறார், முழங்கை வரை எண்ணெயோடு வருகிறார். அடுத்த மாதம் நீ வரும்போது ஓட்டிக் காட்டுவாராம். சின்ன வயதில்கூட அவர் இப்படிச் சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

அண்ணன் கையால்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும், அதைத்தான் பதிவு செய்ய வேண்டும் என்று அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறாய்.

இந்த இடத்தில் நான் என்ன எழுத வேண்டும் என்று அவரே சொல்லிக் கொடுத்திருக்கிறார். போன மாதம் படகுத்துறையின் இரும்புக் கதவில் அவருடைய வலது கை மாட்டிக்கொண்டது. நான்கு விரலும் பாதி உள்ளங்கையும் போய்விட்டன. பயப்பட ஒன்றுமில்லை, ஆறி வருகிறது. நேரில் பார்த்து நீ திடுக்கிடக் கூடாது என்று முன்கூட்டியே தெரிவிக்கிறோம். இதுதான் வாசகம். "நம்புற மாதிரி எழுது" என்று வேறு சொன்னார்.

எழுதிவிட்டேன். இனி உண்மை.

எஞ்சினுக்குக் காற்றுப் போகிற வாயில் ஒரு மூடி இருக்குமே, நினைவிருக்கிறதா? எஞ்சின் தன் எண்ணெயைத் தானே குடித்து வெறிபிடித்து ஓட ஆரம்பித்தால், டீசலை நிறுத்தினாலும் நிற்காது, காற்றை அடைத்தால்தான் நிற்கும் என்று நீதான் எனக்கு விளக்கினாய். அந்த மூடி அதிர்வில் தானாக விழுந்து நடு ஆற்றில் எஞ்சினை நிறுத்திக்கொண்டிருந்தது. பயணிகள் திட்டினார்கள். நீ ஒரு செப்புக் கம்பியால் அதைத் திறந்தபடியே கட்டி வைத்தாய். அன்று சாப்பிடும்போது என்னிடம் பெருமையடித்தாய்: "மூணு சுத்து சுத்தியிருக்கேன் அண்ணி, யார் இழுத்தாலும் மூடாது." புது ஸ்பிரிங் வந்ததும் அவிழ்த்துவிடுவேன் என்றாய். அதற்குள் விசா வந்தது. பெட்டி கட்டுகிற அவசரத்தில் நீ மறந்தாய். உன் அண்ணனிடமும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருந்த நானும் சொல்லவில்லை. என் பங்கை நான் ஒன்பது வருடமாக அனுபவித்துக்கொண்டிருக்கிறேன். உன் பங்கு இதோ.

நீ கிளம்பிய பதினோராம் நாள் காலை, லாஞ்சில் நாற்பத்தொரு பேர். நடு ஆற்றில் எஞ்சினின் வேகம் ஏற ஆரம்பித்தது. அவர் காதுக்கு அது எட்டவில்லை. காலுக்கடியில் பலகை நடுங்கிய பிறகுதான் தெரிந்தது. டீசலை அடைத்தார், நிற்கவில்லை. மூடியை இழுத்தார், அசையவில்லை. சட்டையைக் கழற்றிக் காற்று வாயில் திணித்தார். உள்ளே சுழன்று காற்றை இழுக்கிற புளோயர் சட்டையையும் இழுத்தது. கையை எடுத்திருக்கலாம். எடுத்தால் சட்டை முழுசாக உள்ளே போய் வாய் திறந்துகொள்ளும் என்று நினைத்தாராம். பிடித்துக்கொண்டே இருந்தார். எஞ்சின் நின்றது. பாடியது என்கிறாயே, அது எதைத் தின்று வாயை மூடியது என்று உன் சங்கத்தாருக்குச் சொல்.

இழுத்துப் போக வேறு படகு வருவதற்குள், இடது கையால் உன் கம்பியை வெட்டி ஆற்றில் எறிந்திருக்கிறார். ஆனால் மூடியில் கம்பி அறுத்த தடம் இருந்தது. விசாரணையில் கேட்டார்கள். கட்டியது நான்தான் என்றார். லாஞ்சு ஓட்டும் உரிமத்தைப் பறித்தார்கள். எஞ்சினைப் பழுது பார்த்து வேறொருவர் நான்கு வருடம் ஓட்டினார். இவர் துறை வாசலில் நின்று, இடது கையாலும் பல்லாலும் டிக்கெட் கிழித்துக்கொண்டு, அவள் போவதையும் வருவதையும் பார்த்தார். முதுகுவலி என்று கரை வேலைக்கு மாறிவிட்டார் என உனக்கு எழுதினோம்.

சொல்லிவிடலாம் என்று நான் அழுத நாளெல்லாம் அவர் ஒரே பதில்தான் வைத்திருந்தார். "தெரிஞ்சா அடுத்த பிளேன்லயே வந்துடுவான். வந்து என் கையையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பான். அவன் வாழ்க்கையும் சேந்து போகணுமா?"

அண்ணனின் கையெழுத்து இப்போதெல்லாம் முத்து முத்தாக இருக்கிறதே என்று ஒரு தடவை எழுதினாய். அது என் கையெழுத்து. பாராட்டுக்கு நன்றி. புகைப்படங்களில் அவர் வலது கை எப்போதும் என் முதுகுக்குப் பின்னால் இருக்கும். பாசம் என்று நினைத்திருப்பாய்.

இப்போது ஒன்பது வருடத்துக்கு முன் ஆறிய கைக்குப் பெரியவளிடம் தினமும் புதுக் கட்டு போட்டுக்கொண்டு பழகுகிறார். மருந்து வாசனை வர வேண்டும் என்று மேலே டிஞ்சர் வேறு ஊற்றிக்கொள்கிறார். நேற்றுக் கண்ணாடி முன் நின்று, வலிக்கிற மாதிரி முகத்தைச் சுளித்துப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இத்தனை வருடம் பொறுத்தவள் இப்போது ஏன் சொல்கிறாள் என்று கேட்பாய். உன் கடிதத்தின் மூன்றாம் பக்கம்தான் காரணம். அந்தச் சத்தத்தை விட்டு வந்ததுதான் உன் வாழ்க்கையிலேயே பெரிய இழப்பு என்று எழுதியிருக்கிறாய். அவர் அந்த வரியைப் படித்துத் தலையாட்டினார். என்னால் முடியவில்லை, தம்பி. உன்னைப் பள்ளிக்கூடத்துக்குத் தலை வாரி அனுப்பியவள் நான். ஆனாலும் அந்த வரிக்காக உன்னை அறைந்திருப்பேன்.

வராமல் இருந்துவிடாதே. டிக்கெட்டை ரத்து செய்தால் இந்த ஜென்மத்தில் உன் முகத்தில் விழிக்க மாட்டேன். ரெக்கார்டரோடு வா. மூடி புதிதாகப் பொருத்தியாகிவிட்டது. அதையும் நம்பாமல் நான் காற்று வாயை அடைக்க ஒரு பலகையோடு பக்கத்தில் நிற்பேன். அவர் கையில் இருக்கிற கட்டைப் பார்த்ததும் எப்படி ஆயிற்று என்று கேள். இரும்புக் கதவுக் கதையை முழுசாகச் சொல்ல விடு. வேண்டுமானால் கதவைத் திட்டு. கண் கலங்காதே. இடது கையால் ஸ்டார்ட் செய்வார். அவருக்கு ஒரு பொட்டுச் சத்தமும் கேட்காது. உன் முகத்தில்தான் அதைத் தேடுவார். "அப்படியே இருக்காடா?" என்று கத்துவார். நீ சிரித்துக்கொண்டு, அப்படியே இருக்குண்ணே என்று சொல்ல வேண்டும். காலில் விழுந்து அழுதால் உன் பாரம் இறங்கும். அவர் ஒற்றைக் கையால் இவ்வளவு வருடம் தாங்கிப் பிடித்தது உடைந்துபோகும். அதற்கு நான் விட மாட்டேன். இனி நீயும் தாங்கு.

பதிலில் இரும்புக் கதவைப் பற்றி மட்டும் எழுது. கடிதத்தைப் பிரிப்பவர் அவர்தான்.

உன் மனைவியும் குழந்தையும் நலமாக இருக்கட்டும். உனக்கு நீண்ட ஆயுளும், கடைசி நாள் வரைக்கும் நன்றாகக் கேட்கிற காதும் அமையட்டும்.

ஆசீர்வாதத்துடன்,
அண்ணி