பதினொரு நோட்டுகளில் இருப்பது எழுத்தா, கிறுக்கலா

அனுப்புநர்:
ஜிப்புக்காரர்,
பயணப் பெட்டி பழுது பார்க்கும் கடை,
பேருந்து நிலைய வாசல்.

பெறுநர்:
தலைமை அதிகாரி அவர்கள்,
வெளிநாட்டுப் பணம் மாற்றும் அலுவலகம்,
பேருந்து நிலைய மாடி.

பொருள்: திரும்பப் பெறப்பட்ட பழைய வெளிநாட்டு நோட்டுகள் பதினொன்றை மாற்றித் தர மறுத்ததும், மறுப்புச் சீட்டில் 'கிறுக்கல்' என்று எழுதியதும் குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இது நானே எழுதும் முதல் மனு. இதுவரை வேறொருவர் எழுதுவார், நான் கைநாட்டு வைப்பேன். இதை எழுத எனக்கு நான்கு நாள் ஆயிற்று. தாங்கள் ஐந்து நிமிடத்தில் வாசித்துவிடலாம். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

1. முப்பது ஆண்டுகளாகப் பெட்டிகளுக்கு ஜிப் மாற்றுகிறேன், சக்கரம் பூட்டுகிறேன். வண்டி கிளம்பும் நேரத்தில் பெட்டி வாயைப் பிளந்துகொண்டால் எப்பேர்ப்பட்டவரும் என்னிடம்தான் ஓடி வர வேண்டும். உள்ளூர்ப் பணம் கையில் இல்லாத வெளிநாட்டுப் பயணிகள் தங்கள் நாட்டு நோட்டைக் கொடுத்துவிட்டு வண்டியேறுவார்கள். அப்படிச் சேர்ந்தவைதான் இந்தப் பதினொன்றும். எல்லாம் ஒரே நாட்டு நோட்டு. அந்த நாட்டுக்காரர்களுக்குப் பெட்டியில் கொள்ளாத அளவுக்குத் திணிக்கும் பழக்கம் உண்டு. அந்த நோட்டுகள் இனிச் செல்லாது என்பதையும், இம்மாதம் முப்பதாம் தேதி வரை தங்கள் அலுவலகத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்பதையும் தங்கள் அறிவிப்புப் பலகையிலிருந்து நானே வாசித்துத் தெரிந்துகொண்டேன். அந்தப் பலகை ஒன்றரை ஆண்டாக என் தலைக்கு மேலேயே தொங்கியிருக்கிறது.

2. பணம் ஒரு மூக்குக் கண்ணாடிக்காக. நானும் என் மனைவியும் சென்ற ஆண்டு முதியோர் எழுத்தறிவு வகுப்பில் ஒன்றாகச் சேர்ந்தோம். இருவருக்கும் சேர்த்து ஒரே கண்ணாடி. ஜிப் வேலைக்கு எனக்குக் கண் வேண்டாம், விரல் போதும். ஆகவே பகல் முழுவதும் கண்ணாடி அவளிடம். அவள் என்னைவிட மூன்று பாடம் முன்னால் போய்விட்டாள். நாலு மணியிலிருந்து ஆறு மணி வரைதான் என் முறை. ஆறு அடித்தால், சொல்லின் நடுவில் இருந்தாலும் என் மூக்கிலிருந்து கழற்றிக்கொள்கிறாள். போன வாரம் செய்தித்தாளில் 'கிணற்றில் விழுந்தவர் உயி' என்பது வரை வாசித்திருந்தேன். மீதியைக் கேட்டால், "நீங்களே படிச்சுக்குங்க, அப்பதான் வரும்" என்கிறாள். மறுநாள் நாலு மணி வரை அந்த மனிதரைக் கிணற்றிலேயே விட்டுவைக்க வேண்டியதாயிற்று.

3. இந்த நோட்டுகளின் இடப்பக்கம் எதுவும் அச்சிடாத வெள்ளை இடம் ஒன்று இருக்கிறது. 'காலி இடத்தில் தங்கள் பெயரை எழுதவும்' என்றுதான் வகுப்பில் படிவம் நிரப்பக் கற்றோம். எனவே பதினொன்றிலும், எல்லோரும் என்னை அழைக்கும் பெயரை, அழியாத மையில் எழுதினேன். ஏழு எழுத்து; முதல் எழுத்தே கடினம். முதல் நோட்டில் கடைசி 'ர்' இடம் போதாமல், பக்கத்தில் அச்சிட்டிருந்த மீசைக்காரரின் காதுக்குள் போய்விட்டது. நான்காவது நோட்டில் காதைத் தொட்டு நின்றது. பதினோராவதில் ஏழும் வரிசையாக உள்ளே அடங்கின, புள்ளிகளும் அந்தந்த இடத்தில் நின்றன.

4. சென்ற திங்கட்கிழமை மாடிக்கு வந்தேன். கதவில் 'இழுக்கவும்' என்று இருந்தது. வாசித்தேன், இழுத்தேன், திறந்தது. எனக்கு முன்னால் கோட்டு போட்ட ஒருவர் நெடுநேரம் தள்ளிக்கொண்டிருந்தார். கவுண்டரில் இருந்த அம்மையார் முதல் நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அந்த வெள்ளை இடத்துக்குள் மறைவாக ஒரு முகம் இருப்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் சிரிப்பை அடக்க முடியாமல், "தாத்தா, இந்த மனுசன் நெத்தியில யாரு இப்படிக் கிறுக்கி வச்சது?" என்றார். "கிறுக்கல் இல்லம்மா, எழுத்து. நான்தான் எழுதினேன்" என்றேன். "எழுத்தோ கிறுக்கலோ, நோட்டு போச்சே தாத்தா" என்று சொல்லி, என்னை உட்கார வைத்துத் தண்ணீரும் கொடுத்தார். அவர் மீது எனக்குப் புகார் இல்லை. அவர் கொடுத்த சீட்டின் மீதுதான் புகார். அதில் 'கிறுக்கல் உள்ளது, ஏற்க இயலாது' என்று இருக்கிறது. ஓர் ஆண்டுக்கு முன்பானால் மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போயிருப்பேன். இப்போது படிகளில் நின்று வாசித்துவிட்டேன். என் எழுத்தைப் பற்றி ஒருவர் எழுதிக் கொடுத்த முதல் வரி இது, ஐயா.

5. தங்கள் பலகையின் நான்காம் விதி, 'கிழிந்த, எழுதப்பட்ட நோட்டுகள் ஏற்கப்பட மாட்டா' என்கிறது. மூன்று முறை விரல் வைத்து வாசித்தேன். கிறுக்கப்பட்ட நோட்டுகளைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. நான் செய்தது கிறுக்கல் என்றால் பணத்தைத் தர வேண்டும். எழுத்து என்றால் சீட்டைத் திருத்த வேண்டும். மேலும், ஒவ்வொரு நோட்டின் அடியிலும் அந்த நாட்டு அதிகாரி ஒருவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். எங்கள் ஆசிரியை உட்பட யாராலும் அதில் ஓர் எழுத்தைக்கூடப் பிரித்தறிய முடியவில்லை. அதை யாரும் கிறுக்கல் என்று சொல்லவில்லை.

6. எதைக் கேட்பது என்று வீட்டில் இரண்டு நாள் வாக்குவாதம். "எழுத்துன்னு நீங்க ஜெயிச்சா கண்ணாடி போயிடும். கிறுக்கல்னே இருந்துட்டுப் போகட்டுமே, உங்க கௌரவம் என்ன கொறஞ்சா போச்சு?" என்றாள் மனைவி. பிறகு கண்ணாடிக் கடையில் விசாரித்தேன். பத்து நோட்டுகளின் மதிப்பே போதும் என்று தெரிந்தது.

ஆகவே ஐயா, முதல் பத்து நோட்டுகளில் இருப்பது கிறுக்கல்தான் என்று இம்மனுவின் வாயிலாக எழுத்துமூலம் ஒப்புக்கொள்கிறேன். அவற்றை முப்பதாம் தேதிக்குள் மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். தனி உறையில் வைத்திருக்கும் பதினோராவது நோட்டை மட்டும் தாங்களே ஒருமுறை பார்க்க வேண்டும். பார்த்தபின், 'எழுதப்பட்டது, ஏற்க இயலாது' என்று புதுச் சீட்டில் முத்திரையிட்டு, அதை மாற்றித் தர உறுதியாக மறுத்து, என்னிடமே திருப்பித் தர வேண்டுகிறேன்.

நாள்: இம்மாதம் இருபத்திரண்டு
இடம்: கடை பெஞ்சு

தங்கள் மறுப்பைப் பணிவுடன் எதிர்பார்க்கும்,
ஜிப்புக்காரர்
(என் கையால்)

இணைப்பு: நோட்டுகள் பத்து. நோட்டு ஒன்று. பழைய சீட்டு ஒன்று.