சுவரில் திறந்த வழி

என் தங்கைக்கு,

நகராட்சியில் தெருக்களுக்கு வரைபடம் போடுகிற வேலை பார்க்கிறாளே என் பேத்தி, அவள் எங்கள் தெருக்கோடிச் சுவரில் ஆள் நடக்கும் அகலத்துக்கு வழி திறக்க வைத்துவிட்டாள். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு இப்படி ஒரு பேத்தி!

"அந்தப் பக்கம் என்னடி இருக்கு?" என்று கேட்டேன்.

"நீயே போய்ப் பாரு பாட்டி. வண்டி எதுக்கு, காலு இருக்குல்ல?"

காலடியை எண்ணிக்கொண்டே நடந்தேன். அறுபத்திரண்டாவது எட்டில் உன் வீட்டு வாசல்! காரில் சுற்றி வந்தால் இருபது நிமிடம் ஆகிற வீடு. "கூட்டிப்போக ஆள் இல்லை" என்று மூன்று வருடமாக நானும் சொன்னேன், நீயும் சொன்னாய்.

தினமும் காலையில் சுவருக்கு அப்பால் யாரோ நாயைத் திட்டுவது கேட்கும். எந்த வாயாடியோ என்று சிரித்துக்கொள்வேன். உன் வாசலில் நாய் படுத்திருந்ததைப் பார்த்தேன். தினமும் திட்டுவது நீதானா? நீ நாய் வளர்ப்பதே எனக்குத் தெரியாதே. எப்போது வாங்கினாய்? என்ன பெயர்?

மூன்று வருடத்துக்கு முன் உன் மருமகன் எதிரில் நான் உன்னைப் பேசிய பேச்சு நினைவுக்கு வந்தது. கதவைத் தட்டாமல் திரும்பிவிட்டேன்.

நாளை நாலு மணிக்கு மறுபடி வருவேன். நாயைக் கட்டிப்போடு. என்னைத் திட்டுவதானால் எதிரே உட்கார்ந்து திட்டு. சுவர் வழியாகக் கேட்டது போதும்.

நடந்தே வரப்போகிற,
உன் அக்கா