பேச்சு நின்ற இடம்

தை 10, வெள்ளி

கடுங்குளிர். தேவிகுளத்தில் பேருந்தை விட்டு இறங்கியதும் காதுமடல் எரிந்தது. அங்கிருந்து ஜீப். மடியில் என் பை, பையின்மேல் யாருடைய கோழியோ. சாலை ஒரு வளைவோடு முடிந்துவிடுகிறது. அங்கே ஒரு தேநீர்க் கடை. அதற்குமேல் தேயிலைக்கு நடுவே நடை.

அழைத்தவர் முருகேசுவரி. இனி மு. கொழுந்து பறிப்பவர், ஊர் நூலகத்தின் செயலாளரும் அவரே. ஞாயிறு மாலை நூலக ஆண்டுவிழா, என் சிறப்புரை. இங்கே அதற்குப் பெயர் விழா இல்லை, 'பரிபாடி'. மலையாளத்திலிருந்து வந்து குடியேறிய சொல். திருத்த வாயெடுத்தேன், மு. என் கையில் சூடான கட்டன் சாயாவை, பாலில்லாத் தேநீரை, திணித்தார். வாய் அதற்குப் பயன்பட்டது.

தங்கல் மு.வின் லயத்து வீட்டில். நீண்ட ஒரே கூரை, அடுத்தடுத்துக் குடும்பங்கள். பக்கத்து வீட்டார் இருமினால் நம் வீட்டுக் குவளை அதிர்கிறது. முன்னறை எனக்கு.

மு.வின் மகள் பிரியாவுக்குக் கீழே ஒரு விடுதியின் சமையலறையில் வேலை. அந்தி ஜீப்பில் வந்து, வளைவில் இறங்கி ஏறி வருகிறாள். என் செந்தமிழைச் சிறிது நேரம் கேட்டுவிட்டு:

"அம்மா, நீங்க வீட்டுலயும் இப்படித்தான் பேசுவீகளா?"

ஆம் என்றேன்.

"பாவம், வீட்டுல உள்ளவுக."

பிடித்துப்போயிற்று அவளை.

மறந்து வந்தவை: கம்பளிக் காலுறை. தேன். கண்ணாடி துடைக்கும் துணி.

தை 11, காரிக்கிழமை

விடியலில் புல்லெல்லாம் உப்புத் தூவியது போல் உறைபனி. கொழுந்தின் நுனி கருகியிருக்கிறது. மு. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வேலைக்குப் போனார்.

ஊர் சுற்றல். கண்டவை:

அங்கன்வாடி. பிள்ளைகள் எண்ணுவது தமிழில், சண்டை மலையாளத்தில்.

நலநிலையம். பூட்டு. செவிலியர் செவ்வாய்க்கு வருவார். "செவ்வாய்க்குத்தான் எங்களுக்குக் காய்ச்சலும் வரும்," என்றார் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஒருவர்.

கைப்பந்துத் திடல். ஊரின் ஒரே சமநிலம். ஒருபுறம் செங்குத்துப் பள்ளம். பள்ளத்தை நோக்கி ஆடும் அணி ஓங்கி அடிக்காது. பந்து போனால் ஆட்டம் அன்றோடு முடிந்தது. எதிரணியும் அதைத் தனக்கு ஆதாயமாக்குவதில்லை. இரு பக்கமும் மென்மையாய் அடிக்கும் ஆட்டத்தை வாழ்வில் முதன்முறை கண்டேன்.

நூலகம். பழைய மருந்தறை; அலமாரியில் இன்னும் டிஞ்சர் மணம். நூல்களில் பாதிக்கு அட்டையில்லை. ஆனால் எதிலும் தூசியில்லை.

மஸ்டர் கொட்டகை, அதாவது காலையில் வேலையாட்கள் கூடிப் பெயர் கொடுக்கும் இடம். அதன் கூரையில் ஒரு குழாய் ஒலிபெருக்கி. கோயில் கொடைக்கு வாங்கியது. இப்போது அதன் முதல் பயன் வேறு. மு.வின் தம்பி பாண்டி, தோட்டக் காவலர், அந்திக்கு முன் பாறைமேல் ஏறிப் பள்ளத்தைப் பார்ப்பார். யானை தென்பட்டால் இறங்கி வந்து ஒலிவாங்கியில் சொல்வார். இன்று கேட்டேன்.

"குருசடிகிட்ட அவரு நிக்காரு. ஓடை வழியா வாங்க. அவசரப்பட வேண்டாம்."

அவ்வளவே. யானைக்கு 'அவரு'. என் வாழ்நாளில் இத்துணைச் செறிவாக மூன்று தொடர் பேசியதில்லை நான்.

வளைவிலிருந்து மேலே வரப் பாதை இரண்டு: ஓடைப் பாதை குறுக்கு; குருசடி, அதாவது சிலுவை நிற்கும் சிறு மேடை, அதன் வழியே போவது சுற்று. இடையில் கைப்பேசிக்கு அலை கிடையாது. குழாயைக் கேட்டுத்தான் கீழிருந்து வருவோர் பாதை தேர்கிறார்கள். யானை தென்படாத நாளில் அறிவிப்பு இல்லை. பாதை நலம் என்று அன்றும் சொல்லலாமே என்றேன்.

"தெனமும் நல்லாருக்கு நல்லாருக்குன்னா எவன் காது குடுப்பான்? நான் வாயத் தொறக்கலன்னா பாதை சும்மாக் கெடக்குன்னு அர்த்தம்மா," என்றார் பாண்டி.

மாலை, உரை ஒத்திகை. பொருள்: நான்கு தலைமுறை உழைப்பும் கிடைக்காத ஒரு முழ நிலமும். பணி ஓய்வு பெற்றால் லய வீட்டை விட்டு வெளியேற வேண்டும். பிறந்ததும் அதே வீட்டில்தான் என்றாலும். மு. அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"இத அப்படியே சொல்லுங்கம்மா. நாங்க சொன்னா சண்டைங்காக. நீங்க சொன்னா பேச்சு."

தை 12, ஞாயிறு



மஸ்டர் கொட்டகையில், அதே குழாய் ஒலிபெருக்கியோடு, வெயில் இருக்கும்போதே தொடங்கவேண்டிய விழா. கைப்பந்துப் பரிசளிப்பு நீண்டது. குழந்தைகள் நடனத்தில் பாட்டு நடுவே நின்றுபோக, முதலிலிருந்து மறுபடி ஆட்டம். பிறகு பொன்னாடைகள். நான் எழுந்தபோது வெயில் மலைமுகட்டுக்கு ஏறிவிட்டது.

உரை பற்றிக்கொண்டது. தலையில் துண்டு கட்டிய பெண்கள் முன்வரிசையில் கண் இமைக்காமல். 'நட்டது யார், நிலம் யாருக்கு' என்ற இடத்தில் ஒரு பெருமூச்சு, கூட்டம் முழுவதும் ஒன்றாய். அப்போது பாண்டி மேடையின் கீழ் வந்து நின்றார், கை கட்டி. கேட்க வந்தார் என்றே எண்ணினேன். முன்வரிசை தமக்குள் கிசுகிசுத்து நெளிந்தது. கூட்டம் நெளிந்தால் குரலை ஏற்றுவது என் வழக்கம். ஏற்றினேன்.

பாண்டி மேடையை நோக்கி வாய் திறக்கவில்லை. விருந்தாளி பேசும்போது குறுக்கிடுவது இவ்வூரில் இல்லை. யாரும் குறுக்கிடவில்லை.

மு. எழுந்தார். குவளையில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு மேடையேறினார். என் காதருகே:

"குடிக்கிற மாதிரி நில்லுங்கம்மா. அவரு ஓடையில நிக்காராம். எம்புள்ள ஜீப்ப விட்டு எறங்கியிருப்பா."

அக்கணமே விளங்கிற்று. குழாயில் என் குரல் கேட்டுக்கொண்டிருக்கும்வரை கீழே அதற்கு ஒரே பொருள்: பாதை சும்மாக் கிடக்கிறது. நான் முழங்க முழங்க அந்தப் பெண்ணை ஓடைக்குள் அழைத்துக்கொண்டிருந்தேன்.

தொடரின் நடுவில் நின்றேன். ஒலிவாங்கியைப் பாண்டியிடம் நீட்டினேன். வடம் காலில் சிக்கிற்று. எடுத்துவிட்டு அவர் வாங்கச் சற்று நேரமாயிற்று.

"ஓடையில அவரு நிக்காரு. ஏ பிரியா, ஓடைக்கு வராத. வந்திருந்தா அப்படியே திரும்பிரு. ஓடாத."

மறுபடி. மறுபடி.

இளைஞர் சிலர் ஓடைப் பக்கம் பாய்ந்தனர். பாண்டி தடுத்தார்: மேலிருந்து வெளிச்சம் காட்டினால் அவர் கீழே, அவள் பக்கம் இறங்குவார். குருசடி வழியே போகச் சொன்னார். போனார்கள். மற்றவர் அப்படியே அமர்ந்திருந்தோம். மு. மேடைப் படியில், கையில் அதே குவளை. ஆவி அடங்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

நெடுநேரம். பிறகு குருசடிப் பக்கம் கைவிளக்குகள். நடுவில் பிரியா, செருப்பைக் கையில் பிடித்தபடி. மு. போய் அவள் முதுகில் ஓர் அடி. அடித்த கையை எடுக்கவில்லை.

"அம்மா பேச்சக் கேட்டுக்கிட்டே ஓடைப் பாலம் வரைக்கும் வந்துட்டேன்," என்றாள் என்னிடம். "நல்லாப் போய்க்கிட்டிருந்துச்சு, பொசுக்குன்னு நிப்பாட்டிட்டீக. என்னமோன்னு நானும் நின்னேன். எதுத்தாப்ல கெளை முறியிற சத்தம். அப்புறந்தான் மாமா சொன்னது கேட்டுச்சு."

மு. குவளையை அவளிடம் நீட்டினார். "குடி."

ஆறிப்போன நீர். முழுவதும் குடித்தாள்.

தை 13, திங்கள்

மீண்டும் உறைபனி. காலை ஜீப்பில் கிளம்புவதாக இருந்தது. பை கட்டியாயிற்று. நூலகக் குழுவினர் வாசலில்.

மீதி உரையை முடிக்காமல் போகக்கூடாதாம். பாதிப் பேச்சோடு அனுப்பினால் ஊருக்குக் குறையாம். எனக்குத்தான் குறை என்றேன், கேட்கவில்லை.

அங்கேயே ஒரு வழக்கும் நடந்தது. இனி எவர் பேசினாலும் பாண்டி குறுக்கே புகலாம் என்றார் மு. குழுத் தலைவருக்கு ஒப்பவில்லை. வந்தவர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்குவது என்ன மரியாதை என்றார்.

"விருந்தாளி வருசத்துக்கு ஒருக்க வாராக," என்றார் மு. "அவரு தெனமும் வாராரு."

தீர்ந்தது வழக்கு.

பிரியா வேலைக்குப் போய்விட்டாள். விடுப்பு எடு என்றதற்கு, மீதியை வழியில் கேட்டுக்கொள்கிறேன் என்றாளாம்.

காலுறை: மு. தம்முடையதைத் தந்தார். மிகப் பெரிது. வெதுவெதுப்பு.

மாலை. மஸ்டர் கொட்டகை. நேற்றைவிடக் கூட்டம். என் மடியில் இந்த ஏடு. ஒலிவாங்கி மேசைமேல், யார் கையிலும் இல்லாமல். எல்லார் முகமும் பாறையை நோக்கி. பாண்டி இறங்கி வருகிறார், பீடியைக் காதில் செருகியபடி, மெதுவாக. மேசையைக் கடந்து போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டார்.

மு. என்னைப் பார்க்கிறார். எழுகிறேன்.