எல்லோருக்கும் போண்டா

தோழர்,

சென்ற மாதம் கூடிய நம் சங்கத்தின் செயற்குழு வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த ஒரு முடிவை எடுத்தது. சங்கக் கூட்டத்துக்கு வருகிற எவருக்கும், அவர் நிரந்தரத் தொழிலாளியா ஒப்பந்தத் தொழிலாளியா என்று பார்க்காமல், ஆளுக்கு ஒரு போண்டாவும் அரை டம்ளர் டீயும் வழங்கப்படும். மாலையில் தொடங்கிய விவாதம் தெருவிளக்கு எரிந்த பிறகும் நீடித்தது. சட்னி உண்டா இல்லையா என்ற கட்டத்தில் இரண்டு தோழர்கள் வெளிநடப்புச் செய்தார்கள். வெளியே மழை பெய்ததால் திரும்பி வந்தார்கள். ஆகவே தீர்மானம் ஏகமனதானது.

அந்தத் தீர்மானத்தின்படி போன ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழுவில் போண்டா போட்டார்கள். சங்க அலுவலகத்துக்குப் பின்னால் அடுப்பு வைத்து, கொதிக்கிற எண்ணெயில் மாவு விழுந்து அந்த வாசனை எழுந்ததும், உங்கள் நீலச் சட்டையின் இடது பாக்கெட் எனக்கு நினைவுக்கு வந்துவிட்டது. அதில் எப்போதும் வட்டமாக ஓர் எண்ணெய்க் கறை இருக்கும். எந்தக் கூட்டத்திலும் உங்கள் பங்குப் போண்டாவை நீங்கள் அங்கே தின்றதில்லை. தாளில் சுற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வீர்கள். வெளியே நிற்கிற யாரோ ஒரு பசித்த ஒப்பந்தத் தொழிலாளிக்குத்தான் அது போகிறது என்று நான் பல வருடம் நம்பி, உள்ளூரப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் கேட்டே விட்டேன். "விக்கிரமங்கலம் போயிச் சேர்றதுக்குள்ள பஸ்ல பசிக்குமா பசிக்காதா?" என்றீர்கள். உங்களை நான் முழுமையாக மதிக்கத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

உங்களுக்குத் தெரியாத செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆலையின் பேக்கிங் பிரிவை மொத்தமாக வெளிநிறுவனம் ஒன்றுக்குக் கொடுத்துவிடப் போகிறார்களாம். அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். நிரந்தரத் தொழிலாளிகளை வேறு மாவட்டத்துக்கு மாற்றுவார்கள். ஒப்பந்தத் தொழிலாளிகளை நாளை முதல் வரவேண்டாம் என்பார்கள். இரண்டு தரப்பும் ஒரே அறிவிப்பில் இடம்பெறுவது ஆலை வரலாற்றில் இதுவே முதல்முறை. எங்களைச் சேர்த்துவைத்த பெருமை நிர்வாகத்தையே சேரும்.

நாம் வேலைக்குச் சேர்ந்தபோது சங்கம் என்றால் சைக்கிள்தான். ஷிப்ட் விடும் நேரத்தில் கேட்டுக்கு முன்னால் சைக்கிள்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்துவிட்டு நின்று பேச்சைக் கேட்போம். பிறகு, பொய் சொல்வானேன், சங்கம் நமக்கு நிறையச் செய்தது. சம்பளம் ஏறியது. அரியலூரிலும் பெரம்பலூரிலும் மாடி வீடு எழுந்தது. பிள்ளைகள் இன்ஜினியரிங் படித்தார்கள். சைக்கிள் நின்ற இடத்தில் கார் நிற்கக் கொட்டகை போடச் சொல்லி நாமே கோரிக்கை வைத்து, அதிலும் வென்றோம். நம் பொருளாளர் பெரம்பலூரில் கட்டிய வீட்டின் இரும்புக் கதவைப் பார்த்து, "இவரு வூட்டு வாசல்ல கேட் மீட்டிங் போடணும்னா போலீஸ் பர்மிஷன் வேணும்" என்றீர்கள். அவரும் சிரித்தார். கதவைப் பாராட்டுகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டார்.

அதே வருடங்களில்தான் மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஒப்பந்த ஆட்கள் வந்தார்கள். அதே தூசி, அதே மூட்டை, நம் சம்பளத்தில் ஒரு சிறு துண்டு. நாள் முழுக்கச் சிமென்ட் மூட்டை கட்டிவிட்டு மண்சுவர் வீட்டுக்குத் திரும்பினார்கள். ஆரோக்கியமேரியை மறந்திருக்க மாட்டீர்கள். வரதராஜன்பேட்டையில் பிறந்து, ஆலையை ஒட்டிய ஊருக்கு வாழ்க்கைப்பட்டு, பேக்கிங்கில் சிந்துகிற சிமென்டைக் கூட்டி அள்ளுகிறவர். அவர் மாமனாரின் சோளக்கொல்லை இப்போது நம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில், பள்ளத்துக்கு மேலே வெறும் காற்றாக இருக்கிறது. நிலம் கொடுத்த குடும்பத்துக்கு வேலை என்று சொன்ன வாக்கை நிர்வாகம் காப்பாற்றியது. அவர் கையில் விளக்குமாறு கொடுத்தது.

மேலே இருக்கிறவர்கள் எவ்வளவு மேலே போனார்கள் என்பது நமக்குத் தெரியவில்லை. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது. கீழே பார்ப்பது சுலபமாக இருந்தது. சங்கத்தின் பெரும்பாலான உறுப்பினர்கள் அந்தத் திசையில் பார்த்தே திருப்தி அடைந்தார்கள். நீங்கள் ஒருமுறை கேன்டீனில் என்னிடம் சொன்னது: "நாம ஒண்ணும் பெருசா ஏறல எழுத்தாளரே. அவங்க எறங்கிட்டாங்க. அதான் நாம ஏறுன மாதிரி தெரியுது."

டைம் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து சங்கத்துக்குத் துண்டறிக்கை எழுதிக் கொடுத்த பாவத்துக்கு என்னை நீங்கள் கடைசிவரை எழுத்தாளரே என்றுதான் கூப்பிட்டீர்கள்.

அந்த வேலைநிறுத்தத்தைப் பற்றி நான் உங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. ஆனாலும் நினைவூட்டுகிறேன். ஊதிய ஒப்பந்தத்துக்காக நாம் வெளியே உட்கார்ந்தபோது, ஒப்பந்தத் தொழிலாளிகளைக் கூப்பிடலாமா என்று செயற்குழுவில் பேச்சு வந்தது. அவர்களுக்கு ஒரு நாள் கூலி போனால் அடுப்பு எரியாது, பாவம், அவர்கள் வேலைக்குப் போகட்டும் என்று பொருளாளர் மனமுருகப் பேசினார். கூப்பிட்டால் கிடைப்பதில் பங்கு கேட்பார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்தது. நீங்கள் செயலாளர். நீங்கள் ஒருவர்தான் எதிர்த்தீர்கள். குறிப்பேட்டில் உங்கள் எதிர்ப்பைப் பதிவுசெய்துவிட்டு, கருணையின் அடிப்படையில் முடிவு எடுத்தோம்.

கேட்டுக்கு எதிரே ஷாமியானா. நாம் நாற்காலியில். உள்ளே சூளை ஓடுகிறது. புகைபோக்கியில் புகை. லாரிகள் வழக்கம்போல் போய், வழக்கம்போல் நிறைந்து வருகின்றன. சொல்லப்போனால், வழக்கத்தைவிடச் சீக்கிரமாக வந்தன. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, ஷிப்ட் முடிந்து ஆரோக்கியமேரி நம் பந்தலைத் தாண்டிப் போனார். நின்று, முந்தானையில் முகத்துத் தூசியைத் துடைத்துக்கொண்டு, மனதார, ஒரு துளி கிண்டல் இல்லாமல் சொன்னார்:

"நீங்க கவலப்படாம உக்காருங்கண்ணே. உள்ள ஒண்ணும் நிக்கல. நாங்க பாத்துக்கிறோம்."

 நீங்கள் மட்டும் சிரித்தீர்கள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்துவிட்டு, துண்டால் துடைத்துக்கொண்டு, "இதக் கேக்க வேண்டியது நாம மட்டும் இல்ல. ஜி.எம். ரூம்லயும் கேட்டிருக்கும்" என்றீர்கள்.

கேட்டிருந்தது. அதற்குப் பிறகு ஓய்வுபெற்ற எந்த நிரந்தரத் தொழிலாளியின் இடத்திலும் நிரந்தர ஆள் வரவில்லை. மாதக் கடைசியில் மாலை, சால்வை, சுவர்க் கடிகாரம். மறுநாள் காலை அந்த இடத்தில் ஒரு மஞ்சள் ஹெல்மெட். ஆள் குறையக் குறையத் தலைக்கு போனஸ் கூடும் என்று பொருளாளர் ஒவ்வொரு வழியனுப்பு விழாவிலும் ஆறுதல் சொன்னார். கணக்கில் அவர் கெட்டிக்காரர். கடைசி ஆளுக்கு முழு போனஸும் கிடைத்திருக்கும்.

பிறகு உங்கள் பொதுக்குழு. ஒப்பந்தத் தொழிலாளிகளையும் உறுப்பினர்களாகச் சேர்க்கச் சங்க விதியைத் திருத்த வேண்டும் என்று நீங்கள் தீர்மானம் கொண்டுவந்த நாள். அவர்கள் சுற்றுச்சுவருக்கு வெளியே நின்று ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கூட்டம் நடக்கும்போதெல்லாம் அவர்கள் நிற்கிற இடம் அதுதான். பேச்சும் போண்டா வாசனையும் சுவரைத் தாண்டி வரும். மற்றவை வராது. பொருளாளர் எழுந்து, "இன்னைக்கு போண்டா கேப்பாங்க. நாளைக்கு போனஸ் கேப்பாங்க. அப்பறம் உங்க பசங்க வேலையக் கேப்பாங்க" என்றார். அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. கேட்க வேண்டிய வரிசையைக்கூடச் சரியாகச் சொன்னார். பலமாகக் கைதட்டினார்கள். சுவருக்கு வெளியேயும் யாரோ தட்டினார்கள். அது வேறு காரணத்துக்காக இருக்கலாம்.

நீங்கள் தோற்றீர்கள். அடுத்த தேர்தலில் செயலாளர் பதவியும் பொருளாளருக்குப் போனது. அதற்காக நீங்கள் வருந்தியதை நான் பார்க்கவில்லை. அடுத்த கூட்டத்துக்கு வந்தீர்கள், கையெழுத்துப் போட்டீர்கள், எழுந்து போய்ச் சுவருக்கு வெளியே நின்றுகொண்டீர்கள். கூட்டம் உள்ளே அல்லவா நடக்கிறது என்று நான் வந்து கூப்பிட்டேன். "இங்கயும் நல்லாத்தான் கேக்குது. நெழல் வேற இருக்கு, போங்க" என்றீர்கள். ஓய்வுபெறும்வரை எல்லாக் கூட்டத்தையும் அங்கே நின்றுதான் கேட்டீர்கள். பாக்கெட்டுக்குப் போகாமல் மேசைமேல் உங்கள் பங்குப் போண்டா ஆறிக் கிடக்கும். அதை என்ன செய்வது என்பதற்கு விதிகளில் இடம் இல்லாததால், ஒவ்வொரு முறையும் நான் தின்றேன்.

ஓய்வுபெற்ற மறு வருடமே நீங்கள் போய்விட்டீர்கள். திருச்சி ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அன்று, பொருளாளர், இப்போது செயலாளர், காரில் வந்து மலர் வளையம் வைத்தார். பேக்கிங் ஆட்கள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மினி வேனில் நின்றுகொண்டு வந்தார்கள். ஆலையில் அன்றைக்கு மூட்டை குறைந்ததாகக் கேள்வி. கூலிப் பிடித்தத்தோடு விளக்கம் கேட்டும் நோட்டீஸ் கொடுத்தார்கள். "சாவுக்குப் போனோம்" என்று எல்லோரும் ஒரே வரியில் பதில் எழுதிக் கொடுத்தார்கள். அவர்கள் ஒரே வரியில் நின்றது அதுதான் முதல் தடவை. அதையும் நீங்கள் பார்க்கவில்லை.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். அறிவிப்பு ஒட்டியதும் செயலாளருக்குத் தூக்கம் போனது. வேறு மாவட்டத்துக்கு மாற்றப்படுகிறவர்கள் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. பெரம்பலூர் வீட்டின் இரும்புக் கதவை உடன் எடுத்துச் செல்ல வழியில்லை. நாம் மட்டும் வெளியே உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதை அவர் ஒருமுறை பார்த்தவர். ஆகவே வேலைநிறுத்த நோட்டீஸைக் கொடுத்த கையோடு, பேக்கிங் ஆட்கள் சார்பில் பேச ஆரோக்கியமேரியைச் சங்க அலுவலகத்துக்கு அழைத்தார். நாற்காலியும் போட்டார். அவர் உட்காரவில்லை. தொழிலாளி வர்க்க ஒற்றுமை பற்றி செயலாளர் பேசியதை முழுக்க நின்றுகொண்டே கேட்டார்.

"எல்லாஞ் சரிங்க சார்" என்றார் பிறகு. "இத்தன வருசமா இந்த ஆபீஸ் போண்டாவ நாங்க மோந்து மட்டும்தான் பாத்திருக்கோம். மொதல்ல அதக் குடுங்க. குடுக்க மனசு வருதான்னு பாத்துட்டு மத்தது பேசலாம்."

செயலாளர் சிரித்துப் பார்த்தார். ஆரோக்கியமேரி சிரிக்கவில்லை.

அதனால்தான் அந்தச் செயற்குழு. அதனால்தான் அத்தனை நேர விவாதம். முன்னுதாரணம் ஆகிவிடும் என்றார் ஒருவர். ஆளுக்குப் பாதி கொடுக்கலாம் என்றார் இன்னொருவர். போண்டாவைப் பாதியாக வெட்டினால் உள்ளே இருக்கிற உருளைக்கிழங்கு உதிர்ந்துவிடும் என்ற தொழில்நுட்பக் காரணத்தால் அது கைவிடப்பட்டது. கடைசியில் தீர்மானத்தை முன்மொழிந்தவர் செயலாளரேதான். தரையைப் பார்த்துக்கொண்டு முன்மொழிந்தார். நான் வழிமொழிந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சுவருக்கு உள்ளே வந்தார்கள். இடம் போதாமல் நம் ஆட்கள் சிலர் வெளியே நிற்க வேண்டியிருந்தது. அங்கே நிழல் இருக்கிறது என்று அவர்களுக்குச் சொன்னேன். எல்லோருக்கும் போண்டா வந்தது. சட்னியும் வந்தது. ஆரோக்கியமேரி ஒரு வாய் கடித்துவிட்டு, "இதுக்கா இத்தன வருசம் காவல் இருந்தீங்க? உப்பே இல்ல" என்றார். செயலாளர் உப்புக் கொண்டுவரச் சொன்னார். அந்த இடைவெளியில் நிகழ்ச்சி நிரலின் அடுத்த பொருளைப் படித்தேன்: ஒப்பந்தத் தொழிலாளர்களைச் சங்கத்தில் முழு உறுப்பினர்களாகச் சேர்க்கும் விதித் திருத்தம். நீங்கள் எழுதிய அதே வாசகம், ஒரு சொல் மாற்றவில்லை. விவாதம் உண்டா என்று கேட்டேன். எல்லார் வாயிலும் போண்டா இருந்தது. கைகள் தூக்கப்பட்டன. வழக்கம்போல் நம் உறுப்பினர்களின் கைகளை மட்டும் எண்ணினோம். டீ ஆறுவதற்குள் நிறைவேறிவிட்டது.

உங்கள் மேசையிலிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். சுரங்கத்தில் கிடைத்து நீங்கள் காகிதம் பறக்காமல் வைத்திருந்த, கல்லாகிப்போன அந்த நத்தை. இந்தப் பக்கமெல்லாம் கடலாக இருந்த காலத்து ஜீவன். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்து சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வருகிறவர்கள் கையில் அதைக் கொடுத்து, "பாத்துக்கங்க, இதுவும் ஒரு காலத்துல பர்மனெண்ட்தான்" என்பீர்கள். இப்போது அது என் சட்டையின் இடது பாக்கெட்டில் இருக்கிறது. கனமாகத்தான் இருக்கிறது. துணி கொஞ்சம் தொங்குகிறது. பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை அரியலூர் பஸ்ஸில் ஏறியபோது அதனோடு தாளில் சுற்றிய ஒரு போண்டாவும் இருந்தது. நீங்கள் சொன்னது சரிதான், பஸ்ஸில் பசிக்கிறது.

நேற்று திங்கட்கிழமை வேலைநிறுத்த நோட்டீஸ் காலம் முடிந்தது. காலை முதல் ஷிப்டுக்கு லாரிகள் எப்போதும்போல் உள்ளே போயின. மாலை வரை ஒன்றும் வெளியே வரவில்லை.