டாக்டரம்மா உங்களைக் கேட்டார்

காஜா பேராங், மலாக்கா
6.8.1957

அன்புள்ள அத்தானுக்கு,

டாக்டரம்மாவிடம் இன்று உங்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. "குடும்பத்தில் வேறு யாராவது சின்ன வயதில் இப்படி இருந்தார்களா?" என்று கேட்டார். யாருமில்லை என்றேன். பாக்கியம் அதற்குள் எடைக் கருவிமேல் ஏறி இறங்கி, முள் ஆடுவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

போன வாரம் பாடாங் திடலில் மெர்டேக்கா அணிவகுப்புக்கு ஒத்திகை நடந்தது. நம் மகள் வரிசையை விட்டு ஓடி ஓர் ஆட்டைத் துரத்தினாளாம். பின்னாலேயே பாதி வகுப்பும் ஓடியிருக்கிறது. தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, "நாட்டுக்கே சுதந்திரம் கெடைக்குது, எனக்கு எப்பம்மா கெடைக்கும்?" என்றார். இனி பள்ளிக்கு அனுப்ப வேண்டாம் என்பதையும் சிரித்துக்கொண்டே சொன்னார். அவள் காலில் ரோத்தான் பிரம்பின் தடம்.

மாதம் ஒருமுறை கோலாலம்பூரிலிருந்து பிள்ளைகள் டாக்டர் வருகிறார் என்று அறிந்து கூட்டிப் போனேன். சீன அம்மாள். மலாயில் பொறுமையாகப் பேசினார். புத்திக் குறைவு இல்லையாம். அடங்க மாட்டேன் என்கிறாள் என்று நினைக்காதே, அவளால் அடங்க முடியவில்லை என்றார். மருந்து தன்னிடம் இல்லை. அடிக்காமல், கொஞ்சம் கொஞ்சமாகப் பாடம் சொல்லி, நடுவில் ஓடியாட விடவேண்டும், பள்ளியில் தானே பேசுவதாகச் சொன்னார். அப்பாவையும் பார்க்க வேண்டுமாம்.

இதற்கிடையே உங்கள் அண்ணன் ரப்பர் தோட்டத்திலிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறார். இது காற்றுக் கருப்பாம். தோட்டத்துக் கோயில் தூணில் ஒரு மண்டலம் கட்டிவைத்தால் தெளியுமாம். மெர்டேக்கா முடிந்ததும் வந்து அழைத்துப் போவாராம். ஏழு வயதுப் பிள்ளை, அத்தான். வேண்டாம் என்று அவருக்கு ஒரு வரி எழுதுங்கள்.

களைப்பாக இருக்கிறது. ஒரு புத்தகத்தில் ஒரு பக்கம் முழுதாகப் படித்து எத்தனையோ நாளாகிறது.

உங்கள்
சந்திரமதி


சிங்கப்பூர்
11.8.1957

என் சந்திராவுக்கு,

பசியாறிவிட்டு எழுத உட்கார்ந்தேன். துறைமுக வேலையை விட்டுவிட்டேன், கோபப்படாதே. அந்த ஆபீஸ் கிராணி நாள் முழுக்க ஒரே நாற்காலியில் உட்காரச் சொல்கிறான். மனிதன் செய்கிற வேலையா அது? பஸ் கம்பெனியில் வரச் சொல்லியிருக்கிறார்கள். சிராங்கூன் சாலையில் உனக்கு மயில்கழுத்து நிறத்தில் ஒரு புடவை பார்த்தேன். வாங்கப் போனால், பக்கத்துக் கடையில் ஒருவன் ரேடியோவைப் பிரித்துப்போட்டுப் பழுது பார்க்கிறான். அதைப் பார்த்துக்கொண்டே நின்றதில் புடவை மறந்துபோய்விட்டது.

ஆமாம், பாக்கியம் விஷயம். அண்ணன் அழைத்துப் போகட்டும். அவனுக்கு இதெல்லாம் தெரியும். அப்பா என்னைப் பால்மரத்தில் கட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போவார். அண்ணன்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பான். நான் என்ன, கெட்டா போனேன்? டாக்டரிடம் நீ சொல்லாததும் நல்லதுதான்.

மழை வருகிறது. துணி காயப் போட்டிருக்கிறேன்.

ஜெயபாலன்


காஜா பேராங்
14.8.1957

அன்புள்ள அத்தானுக்கு,

மரத்தில் கட்டியதை இத்தனை வருடங்களில் நீங்கள் என்னிடம் சொன்னதே இல்லை. பாக்கியத்தை மாதிரி இருந்தீர்கள் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

நீங்கள் கெட்டுப்போகவில்லை. உங்களைப்போல் என்னைச் சிரிக்க வைத்தவர் யாருமில்லை. ஆனால் கதவைச் சாத்தினால் உங்களுக்கு மூச்சு முட்டுகிறது. எந்த வேலையிலும் நிலைக்க முடியவில்லை. என்னோடும் சேர்ந்தாற்போல் ஒரு வருடம் இருந்ததில்லை.

டாக்டரம்மா அடுத்த மாதம் மூன்றாம் தேதி வருகிறார். இப்படி இருந்து வளர்ந்து பெரியவரான ஒருவர் சொன்னால்தான் எது உதவும், எது புண்படுத்தும் என்று தனக்குத் தெரியும் என்றார். அதை அவரிடம் வந்து சொல்லுங்கள். அண்ணனிடமும் நீங்களே சொல்லுங்கள். என் பேச்சை அவர் கேட்கமாட்டார்.

உங்கள்
சந்திரமதி


காஜா பேராங்
9.9.1957

அத்தான்,

நீங்கள் வந்ததே பெரிது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்பாவும் மகளும் தூணைச் சுற்றி ஓடியதைப் பார்த்து, காய்ச்சலில் கிடந்த பிள்ளைகள்கூடச் சிரித்தன. பிறகு, "தேத்தண்ணி குடிச்சிட்டு வந்துர்றேன்" என்றீர்கள்.

"என்னையும் கூட்டிட்டுப் போப்பா."

"நீ அம்மாகிட்ட இரு, புள்ள."

எங்களைக் கூப்பிட்டார்கள். வாசல்வரை போய்ப் பார்த்தேன். நீங்கள் இல்லை. கோபப்பட எனக்குத் தெம்பில்லை. உள்ளே போய் உங்களுக்கு நடந்ததை எல்லாம் நானே சொன்னேன். டாக்டரம்மா, "அவரையும் அப்போது யாராவது ஒரு டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கலாம்" என்றார். அன்றைக்கே தலைமையாசிரியரையும் போய்ப் பார்த்தார்.

நேற்று உங்கள் அண்ணன் காரோடு வந்தார்.

"ஜெயபாலனே சரின்னுட்டான். நீ என்னாம்மா நடுவுல?"

"மாமா, நீங்க தண்ணி கொண்டு போவீங்களே, அப்ப அவரு உங்ககிட்ட என்ன சொல்லுவாரு?"

"அவுத்து விடுண்ணேம்பான்," என்றார். "அப்பா அடிப்பாரும்மா. நான் அவுக்கல."

பாக்கியம் அவர் கார்மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள். தூக்கி இறக்கிவிட்டார். தண்ணீர்கூடக் குடிக்காமல், அவளை விட்டுவிட்டுப் போய்விட்டார்.

இனி உங்கள் சம்மதம் கேட்டு எழுத மாட்டேன். சேதி மட்டும் எழுதுகிறேன்.

இன்று காலை அவளைப் பள்ளியில் கொண்டுபோய் விட்டேன். பத்து மணிக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாளைக்கும் வரலாமாம்.

சந்திரமதி